தலைமையாசிரியர் கையெழுத்து ஒப்புதல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளை வைத்து மருத்துவ ஆய்வு என்று ஒரு செய்தி வந்தாலே, ‘எங்கள் பிள்ளைகள் என்ன சோதனை எலிகளா?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வியில் தப்புச் செய்தவர் யாரும் சிக்குவதில்லை. முறையாக நடக்கும் ஆய்வும் முறைகேடாக நடக்கும் ஆய்வும் ஒரே வசவில் கரைந்து போகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை: கையெழுத்துப் போட்டது யார்? எந்தத் தேதியில்? பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா?

குழந்தைகளிடம் ஆய்வே கூடாது என்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. குழந்தை என்பது எடை குறைந்த பெரியவர் அல்ல. குளோரம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பச்சிளங்குழந்தைகளுக்கு எடைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தபோது, அதை உடைத்து வெளியேற்றும் வேலைக்குக் கல்லீரல் இன்னும் தயாராகாததால் மருந்து உடம்பில் தேங்கி, மேனி சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தன. மருத்துவ உலகம் இதைக் கண்டுகொண்டது 1959 வாக்கில். நல்ல பக்கத்துக்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. தீவிரமில்லாத காசநோய் உள்ள குழந்தைக்கு 6 மாதம் மாத்திரை கொடுக்க வேண்டுமா, 4 மாதம் போதுமா என்று 4 நாடுகளில் 1,204 குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் சென்னையும் புணேயும். இங்கே நடத்தியது சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 4 மாதமே போதும் என்று 2022-ல் முடிவு வெளியாக, உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. இரண்டு மாத மாத்திரையும் அலைச்சலும் மிச்சமானது அந்த 1,204 பிள்ளைகளைப் பெற்றவர்களும், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளும் சம்மதித்ததால்தான்.

ஆக, சிக்கல் சம்மதத்தில் இருக்கிறது. இதில் மூன்று அனுமதிகள் உண்டு. பள்ளியோ விடுதியோ ‘உள்ளே வரலாம்’ என்பது ஒன்று. பெற்றோர் விவரம் தெரிந்து தரும் ஒப்புதல் இரண்டாவது. பிள்ளை தரும் இசைவு மூன்றாவது. ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்து ஒட்டப் பார்க்கும்போதுதான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. தலைமையாசிரியரின் அனுமதி கதவைத் திறக்கும் அனுமதி மட்டுமே. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கடிதமும் அப்படித்தான். 40 பிள்ளைகளின் கையிலிருந்து ரத்தம் எடுக்க அவற்றில் எதுவும் அதிகாரம் தராது.

இது எவ்வளவு பெரிதாகத் தவறலாம் என்பதற்கு நாடறிந்த சான்று 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம். 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் தந்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 7 சிறுமிகள் இறந்ததற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. அந்தத் தடுப்பூசி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல தடுப்பூசி என்பதிலும் மாற்றமில்லை. ஆனாலும் படிவத்தில் பெற்றவர்கள் இல்லாததால், இறந்த பிள்ளையின் வீட்டாரிடம் விளக்கம் சொல்லும் தகுதியே திட்டத்துக்கு இல்லாமல் போயிற்று. நல்ல மருந்தும் கெட்ட பெயர் வாங்கியது. இன்னொன்றையும் கவனிக்கலாம். அதை நடத்தியவர்கள் ‘ஆய்வு’ என்று சொல்லவில்லை, ‘செயல்முறை விளக்கத் திட்டம்’ என்றார்கள். நம் ஊரில் அதற்கு இணையான சொல் ‘முகாம்’. இலவசக் கண் முகாம், ரத்தசோகை முகாம் என்று பள்ளிக்குள் வருகிறார்கள். அன்று எடுத்த அளவுகளை நாளை கட்டுரையாகவோ பட்டத்துக்கான ஆய்வேடாகவோ எழுதும் எண்ணம் முன்பே இருந்தால் அது ஆய்வுதான். முகாம் முடிந்தபின், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் போய் ‘கைவசம் இருக்கும் தகவல்’ என்று அனுமதி கேட்பது பின்வாசல்.

இனி படிவத்துக்கு வருவோம். பையில் போட்டு அனுப்பிய படிவம் கையெழுத்தோடு திரும்பி வந்தால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும்: 40 படிவத்திலும் ஒரே நீலப் பேனா, ஒரே தேதி, தேதி மட்டும் ஆய்வாளரின் கையெழுத்தில். பிள்ளைகள் தாங்களே அப்பா கையெழுத்தைப் போட்டுவிடுவது ரேங்க் கார்டு காலத்திலிருந்து தெரிந்த வித்தை. நெறிமுறைக் குழு அனுமதித்த நாளுக்கு முன்பே கையெழுத்தான படிவம், குழு ஏற்றது இரண்டாம் திருத்தமாக இருக்க வகுப்பில் கொடுத்தது முதல் திருத்தம், ‘மீதி ரத்தத்தைச் சேமித்து வைக்கலாமா?’ என்ற கேள்விக்கு ஆம் இல்லை எதிலும் டிக் இல்லாமல் விட்ட இடம் — இவையெல்லாம் அன்றாடம் நடக்கும் தவறுகள். ‘விருப்பமில்லாதவர்கள் மட்டும் தெரிவிக்கவும்’ என்று டைரியில் ஒட்டும் சீட்டு இன்னும் மோசம். சீட்டு வீட்டுக்குப் போகவே இல்லை என்றாலும் அது சம்மதமாக எண்ணப்பட்டுவிடும். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். வார்டு ஆயாவையோ, பக்கத்து மேஜையில் இருக்கும் ஆய்வு உதவியாளரையோ சாட்சியாக்கினால் அது சாட்சி அல்ல. கையெழுத்தான பிரதி ஒன்று பெற்றோர் கைக்குப் போக வேண்டும். சட்டமே இப்படிச் சொல்லியும் அதிகம் விட்டுப்போவது இந்த ஒரு தாள்தான்.

யார் கையெழுத்திடுவது? சிறு அபாயத்துக்கு மேல் போகாத ஆய்வு, அல்லது பிள்ளைக்கே நேரடிப் பலன் உள்ள ஆய்வு என்றால் தாய், தந்தை இருவரில் ஒருவர் போதும். அபாயம் அதைத் தாண்டுகிறது, பிள்ளைக்குப் பலனும் இல்லை என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017-ல் குழந்தைகளுக்கென்றே தனியாக வெளியிட்ட நெறிமுறைகள். சென்னையில் பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டி வருவது பெரும்பாலும் பாட்டிதான். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார்கள். பாட்டி வளர்த்தாலும் பாட்டியின் கையெழுத்து செல்லாது. சட்டப்படி காப்பாளராக இருந்தால் மட்டுமே செல்லும். ‘அம்மா சாயங்காலம் வரட்டும்’ என்று காத்திருக்கப் பொறுமையில்லாத ஆய்வாளர் குழந்தைகளிடம் ஆய்வுக்கு வரக் கூடாது. காப்பகத்துப் பிள்ளைகள் என்றால் காப்பகக் கண்காணிப்பாளரோடு முடித்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவிடம் போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இந்த ஆய்வுக்குக் காப்பகத்துப் பிள்ளைகள்தான் வேண்டுமா, அல்லது ஒரே இடத்தில் நூறு பேர் கிடைக்கிறார்கள் என்ற வசதியா?

பிள்ளையின் இசைவைப் பற்றிப் பேசினால் மூத்த மருத்துவர்கள் சிலர்கூடச் சிரிக்கிறார்கள். ‘ஊசி வேண்டுமா என்று கேட்டால் எந்தப் பிள்ளை வேண்டும் என்று சொல்லும்?’ என்கிறார்கள். சிகிச்சைக்கு அந்த வாதம் பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது. ஐ.சி.எம்.ஆர். கணக்கு இது: 7 வயதுக்குக் கீழ் இசைவு கேட்க வேண்டியதில்லை, 7 முதல் 12 வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்தில். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே 18 முடிந்தால், அவரிடமே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். பல ஆண்டு நீளும் ஆய்வுகளில் இந்தப் பிறந்தநாளை யாரும் நினைவு வைப்பதில்லை. பிள்ளை தலையை ஆட்டி மறுத்தாலும், கையை இழுத்துக்கொண்டாலும், அழுதாலும் அது மறுப்புதான். வேறெங்கும் கிடைக்காத, பிள்ளைக்கே நேரடிப் பலன் தரும் சிகிச்சை என்றால் மட்டும் பெற்றோரும் நெறிமுறைக் குழுவும் அந்த மறுப்பைத் தாண்டிப் போகலாம்.

இசைவுப் படிவத்தின் தமிழைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். மருந்துச் சத்து இல்லாத ஒப்பீட்டு மாத்திரையை ‘போலி மருந்து’ என்று மொழிபெயர்க்கிறார்கள். தமிழ் படிக்கும் தாய்க்குப் போலி மருந்து என்றால் கள்ள மருந்து. காவல்துறை பறிமுதல் செய்வது. மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க அதைத் திருப்பி ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர் ஆய்வுத் துறை தெரிந்தவராக இருந்தால் சரியான சொல்லையே போட்டுவிடுவார், பிழை வெளியே தெரியாது. ‘சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்பதற்குப் பதில் ‘சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, எந்த மருந்து யாருக்கு என்பது முன்கூட்டித் தெரியாது, டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது’ என்று எழுதினால் புரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: ‘உன் கையில் ஊசி குத்தி ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம். கொஞ்சம் வலிக்கும். இதனால் உனக்கு உடம்பு சரியாகிவிடாது. நாங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் எடுக்கிறோம். வேண்டாம் என்று சொன்னால் அம்மாவோ டாக்டரோ திட்ட மாட்டார்கள். நடுவிலும் நிறுத்தச் சொல்லலாம்.’ இதில் மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ரத்தத்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. குழந்தையின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மொத்தமே 1,200 மில்லிதான். ஆய்வுக்காக 8 வாரத்தில் கிலோவுக்கு 3 மில்லிக்கு மேல் எடுக்காமலிருப்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைகளில் ஒன்று. 15 கிலோவுக்கு அது 45 மில்லி, 3 கிலோ பச்சிளங்குழந்தைக்கு வெறும் 9 மில்லி. சிகிச்சைக்காக எடுக்கும் ரத்தத்தையும் இதோடு கூட்டிப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் தன் குழாய்களை மட்டும் எண்ணுவார், வார்டு தன் குழாய்களை மட்டும் எண்ணும், பிள்ளையின் உடம்பு இரண்டையும் சேர்த்து எண்ணும். ஊட்டம் குறைந்த, ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு எல்லையை இன்னும் கீழே இறக்க வேண்டும். ஒரே குத்தில் இரண்டு வேலையையும் முடித்தால் ஊசியும் மிச்சம், அழுகையும் மிச்சம்.

ஊசி இல்லாத ஆய்வு என்றால் ஆபத்தில்லை என்ற எண்ணம் கல்லூரிகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கேள்வித்தாள் ஆய்வில்தான் சட்டச் சிக்கல் அதிகம். ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். 2012-ன் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருந்தால் 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆராய்ச்சியாளருக்கு விலக்கு இல்லை. அதனால் அந்த வாக்கு பொய் வாக்கு. ‘உனக்கு யாராவது கெடுதல் செய்கிறார்கள் என்று சொன்னால் அதை மட்டும் நாங்கள் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்’ என்பதைக் கேள்விக்கு முன்னால் சொல்ல வேண்டும். பிள்ளை அழுது முடித்தபின் அல்ல. ஆய்வின் கேள்விக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை என்றால் கேட்காமலிருப்பது மேல். தேவை என்றால், பெயர் சொல்லாமல் பெட்டியில் போடும் தாளாக வடிவமைத்து, அதே அறையில் ஆலோசகர் ஒருவரையும் உட்கார வைத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அச்சிட்ட சீட்டை எல்லாருக்குமே தர வேண்டும். சிலருக்கு மட்டும் தந்தால் யார் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விகள் முதுநிலை மாணவர்களின் செல்லப்பிள்ளை. அதில் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வருகிறதா என்பது. பதில்கள் 0 முதல் 3 வரை. மூன்று என்றால் கிட்டத்தட்ட தினமும். பள்ளியில் எழுதி வாங்கிய தாள்கள் கட்டாகக் கட்டப்பட்டு, மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்ற மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரமும் ‘3’ என்று வட்டமிட்ட பிள்ளை, தான் சொன்னதை யாரோ படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பள்ளியை விட்டுக் கிளம்புமுன் ஒன்பதாவது கேள்வியை மட்டும் எல்லாத் தாளிலும் பார்த்துவிட 20 நிமிடம் போதும். 0 அல்லாத எதற்கும் அன்றே ஒரு மனநல மருத்துவர் பேச வேண்டும். ஏற்பாடு செய்ய முடியாதென்றால் அந்தக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், இருக்கிறது; அது இந்த ஏற்பாட்டுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

பெயரில்லாத் தாள் என்பதும் பல சமயம் பெயரளவுக்குத்தான். பெயரைக் கேட்க மாட்டார்கள், ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக உள்ள எமிஸ் எண்ணைக் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு, பெண், பார்வைக் குறைபாடு, இன்ன பள்ளி என்று நான்கு கட்டம் நிரப்பினால் அந்தப் பள்ளியில் ஒரே ஒருத்திதான் இருப்பாள். கூகுள் படிவத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டால் பெற்றோர் ஒப்புதல் எங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது. சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. குழந்தைகள் தொடர்பான மீறலுக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் 18 மாதத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும். ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒருவர் பற்றி எந்த முடிவும் எடுக்காதபோதுதான் அது பொருந்தும். ஆய்வில் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிக்குக் கொடுத்த நிமிடமே விலக்கு போய்விடும்.

இதையெல்லாம் பார்க்க வேண்டியது நெறிமுறைக் குழு. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019, குறைந்தது 7 உறுப்பினர் கேட்கிறது; பாதிப் பேராவது வெளியாராக, தலைவரும் வெளியாராக, சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத்துக்கு வெளியே உள்ள சாதாரணர் ஒருவரும், ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். மருந்து ஆய்வுக்கும் உடல்நல ஆய்வுக்கும் இந்த வேலி இருக்கிறது. ஆனால் கல்வியியல், சமூகப் பணி போன்ற துறைகளின் ஆய்வு, உடல்நலத்தைத் தொடவில்லை என்றால் இந்த விதிகளுக்கு வெளியே நின்றுவிடுகிறது. அடிக்கும் அப்பா பற்றியும் குடிக்கும் அப்பா பற்றியும் பிள்ளையிடம் கேட்கும் கேள்வித்தாள், வழிகாட்டிப் பேராசிரியரின் ஒரு கையெழுத்தோடு வகுப்பறைக்குள் போய்விடுகிறது. சென்னையில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 18 வயதுக்குட்பட்டவரைத் தொடும் எந்த ஆய்வேடும் நெறிமுறைக் குழு எண் இல்லாமல் ஏற்கப்படாது என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

கெடுதல் நடந்துவிட்டால்? மருந்து ஆய்வில் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் மத்திய உரிம அதிகாரிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாளில் விரிவான அறிக்கை. ஆய்வால்தான் இறப்பு என்று தீர்மானமானால் இழப்பீட்டுக்குச் சூத்திரமே இருக்கிறது: 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் அபாய எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். 16 வயது வரை உள்ள எல்லாருக்கும் வயது எண் 228.54, கைக்குழந்தைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒன்றே. அபாய எண் 0.5 முதல் 4 வரை. 6 மாதத்துக்கு மேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் இருந்தவருக்கு 0.5, ஆரோக்கியமாக வந்தவருக்கு 4. கணக்குப் போட்டால் சுமார் 9.2 லட்சத்திலிருந்து 73.6 லட்சம் வரை வரும். தர வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராமலிருந்து ஆய்வு மருந்து பலிக்காமல் போனதும், அந்தச் சிகிச்சையை மறுத்து மருந்தில்லா மாத்திரை தந்ததும், அனுமதி பெற்ற ஆய்வுத் திட்டத்தை ஆய்வாளர் மீறியதும்கூட ஆய்வால் வந்த கெடுதலாகவே கொள்ளப்படும். பெற்றோரிடம் தரும் தகவல் தாளில் ‘தக்க இழப்பீடு வழங்கப்படும்’ என்று ஒற்றை வரி இருந்தால் போதாது. யார் தருவார், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பது இருக்க வேண்டும். பஸ் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும் தருவது சரி. அதற்கு மேல் பணத்தைக் காட்டுவது, கூலி வேலை செய்யும் வீட்டில் பிள்ளையை விலை பேசுவதாகிவிடும். பிள்ளைக்குப் பென்சில் டப்பாவோ கதைப் புத்தகமோ தரலாம். பாதியில் விலகிய பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும்.

கடைசியாகத் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைகளுக்கான புது மருந்து, புது தடுப்பூசிப் பரிசோதனை சென்னையில் தொடங்குகிறது என்று செய்தி போடும்போது, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டு எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி, ஆண்டு, மாதம், வரிசை எண் என்று நீளும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்த ஆய்வுகளை மட்டுமே அந்தப் பதிவேடு ஏற்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம்: எத்தனை பேர், என்ன வயது, பணம் யாருடையது, எந்த நெறிமுறைக் குழு என்று எல்லாம் அங்கே இருக்கும். செய்தியில் ஒரு வரிதான் கூடும். எண் கேட்டதும் ‘அப்புறம் தருகிறோம்’ என்று இழுத்தால், அன்றைய செய்தி அந்த இழுப்புதான்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர் ஒருவர்,
அயனாவரம், சென்னை.